மாடியில் துணி காயப்போடுவது யார்?

அப்பா இறந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. 2021 நவம்பரில் அவருடைய நினைவு நாள் படையலுக்காகச் சென்னையிலிருந்து ஊருக்குப் போயிருந்தேன். விருதுநகர் மாவட்டத்தில், மதுரையிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கும் சிறு நகரம் எங்களுடையது. இரவு ஏழு மணிவாக்கில், இலை எடுத்த பிறகு, முன்னறையில் உறவினர்கள் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து, 2009-இல் அப்பாவுக்கு மாரடைப்பு வந்த இரவைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். எங்கள் குடும்பத்தில் ஆண்டுக்கு ஒருமுறையாவது சொல்லப்படும் கதை அது. அதிகாலை இரண்டு மணிக்கு அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தது, சித்தப்பா செருப்புக்கூடப் போடாமல் ஓடி எதிர்வீட்டுக் காரின் சாவியை வாங்கி வந்தது, பத்தே நிமிடத்தில் வண்டி கிளம்பியது, மூன்று மணி அடிக்கும்போது மதுரையில் மருத்துவமனை வாசலில் நின்றது என்று ஒவ்வொரு கட்டத்தையும் ஒவ்வொருவராக எடுத்துச் சொல்ல, மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருந்தோம். அந்த நேரத்தில் அக்கா அடுப்படி நிலையில் சாய்ந்து, மேல்வயிற்றில் உள்ளங்கையை வைத்து அழுத்தியபடி தரையில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அப்போது 47 வயது. அன்று காலை நான்கு மணியிலிருந்து 25 பேருக்கு அவள்தான் சமைத்திருந்தாள்.

"மேலுக்கு முடியலையாக்கா?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்லடா, வாய்வுப் பிடிப்பு. காலையில இருந்து நின்னுக்கிட்டே இருந்தேன்ல" என்றாள். நான் தெருமுனை மெடிக்கலுக்குப் போய் ஓம வாட்டர் ஒரு பாட்டிலும் ஜெலுசில் மாத்திரை ஓர் அட்டையும் வாங்கிவந்து கொடுத்தேன். அவள் குடித்துவிட்டு, மிச்சமிருந்த சாம்பாரை வேறு பாத்திரத்துக்கு மாற்றுவதற்காக எழுந்து போனாள். முன்னறையில் அப்பாவின் கதை தொடர்ந்தது. நானும் திரும்பிப் போய் அதைக் கேட்க உட்கார்ந்துவிட்டேன்.

ஒன்பது மணிக்கு அவளுடைய முதுகு பிடித்துக்கொண்டது. குமட்டலும் வந்தது. அத்தான் அவளை ஸ்கூட்டரில் ஏற்றி அருகிலிருந்த கிளினிக் ஒன்றுக்கு அழைத்துச் சென்றார். அங்கிருந்த மருத்துவர் நெஞ்சு வலிக்கிறதா என்று கேட்டார், இல்லை என்றாள். மாதவிலக்கு நின்றுவிட்டதா, வீட்டில் ஏதாவது டென்ஷனா என்று கேட்டார். அதற்கும் பதில் சொன்னாள். வாயுவுக்கு ஓர் ஊசி போட்டு, இரண்டு நாளைக்கு எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். விடியற்காலை ஐந்து மணிக்கு அவளுடைய சேலை வியர்வையில் நனைந்து உடம்போடு ஒட்டிக்கிடந்ததைப் பார்த்த பிறகுதான் நாங்கள் வேறொரு சிறிய மருத்துவமனைக்கு அவளைக் கொண்டுபோனோம். அப்பா எழுந்து உட்கார்ந்ததற்கும் மருத்துவமனை வாசலுக்கும் நடுவே ஒரு மணி நேரம்தான். அக்காவுக்கு முதல் சங்கடம் தோன்றியதிலிருந்து முதல் ஈ.சி.ஜி. எடுத்தது வரை பதினொரு மணி நேரம்.

இந்த இரண்டு இரவுகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும் பழக்கத்திலிருந்து என்னால் இன்னும் விடுபட முடியவில்லை. எங்கள் வீட்டில் யாரும் அக்காவின் மேல் அன்பில்லாதவர்கள் அல்லர். மாரடைப்பைப் பற்றி அறியாதவர்களும் அல்லர். சரியாக அந்த நேரத்தில், அவளிடமிருந்து பத்தடி தூரத்தில், அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம். அந்த அறிவு அவளைப் போய்ச் சேரவில்லை. ஏன் சேரவில்லை என்பதுதான் நான் நான்கு ஆண்டுகளாக யோசித்துக்கொண்டிருக்கும் விஷயம்.

"வலிக்குதா?"

அந்த விடியற்காலையில் மருத்துவமனையில் மருத்துவர் இன்னும் வந்திருக்கவில்லை. இரவுப் பணியில் இருந்த செவிலியர், ஐம்பது வயதை ஒட்டியவர், அக்காவைப் படுக்கவைத்து பிரஷர் பார்த்தார். நெஞ்சு வலிக்கிறதா என்று அவரும் கேட்டார். "வலியெல்லாம் இல்லம்மா, அடைச்சாப்ல இருக்கு" என்று அக்கா சொன்னாள். அவர் சற்றுப் பேசாமல் இருந்துவிட்டு, யாரும் எதிர்பாராத ஒன்றைக் கேட்டார்: "உங்க வீட்டுல மாடியில துணி காயப்போட யாருக்கா போறது?"

"மூணு வாரமா மகதான் போறா."

"அதுக்கு முன்னாடி?"

"நான்தான். இப்பப் படிக்கட்டுத் திருப்பத்துல நின்னு நின்னு போக வேண்டியிருக்கு. பிள்ளைக பாத்தா சங்கடப்படும்னு அவளையே போகச் சொல்லிட்டேன்."

செவிலியர் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. எங்களை வெளியே போகச் சொல்லித் திரையை இழுத்துவிட்டு, தாமே ஈ.சி.ஜி. எடுத்துக்கொண்டு, மருத்துவரைக் கைப்பேசியில் அழைத்தார். இதயத்தின் கீழ்ச்சுவரில் மாரடைப்பு. அந்தச் சுவர் உதரவிதானத்தின் மேல் படிந்திருப்பதால், அங்கே இரத்தம் தடைபடும்போது மேல்வயிற்றில் சங்கடமும் குமட்டலும் வருவது ஆண்களுக்கும் உண்டு என்று பின்னால் மதுரையில் இதய மருத்துவர் விளக்கினார். எட்டரை மணிக்கு ஆஞ்சியோ செய்து, வலப்பக்கத் தமனியில் ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். உயிர் பிழைத்தாள். ஆனால், ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் தன்னிடமுள்ள இரத்தத்தில் எவ்வளவை வெளியே தள்ளுகிறது என்று எக்கோ ஸ்கேனில் பார்ப்பார்களே, அந்த அளவு அவளுக்கு 40 விழுக்காடாக இறங்கிவிட்டது. அப்பாவுக்கு 2009-இல் அது 55-க்குக் குறையவேயில்லை. இரண்டு எண்களுக்கும் இடையில் இருப்பவை அப்பாவைவிட அவளுக்குக் கூடுதலாகக் கழிந்த அந்தப் பத்து மணி நேரமும், நான் வாங்கிவந்த ஓம வாட்டரும்தான் என்று எனக்குத் தோன்றுவதை எந்த மருத்துவர் தேற்றியும் மாற்ற முடியவில்லை.

நினைத்துப் பார்த்தால், அந்த இரவில் நாங்கள் அனைவரும் அவளிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டிருக்கிறோம். வலிக்கிறதா என்று நானும் கேட்டேன், அத்தான் கேட்டார், கிளினிக்கில் மருத்துவர் கேட்டார். அவள் எல்லாருக்கும் உண்மையையே சொன்னாள். அவளுக்கு இருந்தது வலி இல்லை. பாரம், அடைப்பு, இறுக்கம். நம்முடைய மொழியில் வலி என்ற சொல்லுக்குக் குத்தல், சுளுக்கு, பிரசவம் என்று திட்டமான இடங்கள் இருக்கின்றன. நெஞ்சின் மேல் ஆட்டுக்கல்லைத் தூக்கி வைத்தாற்போன்ற ஓர் அழுத்தத்தை இரண்டு பிள்ளை பெற்ற ஒருத்தி வலி என்று சொல்ல மாட்டாள். சில நாள் கழித்து நன்றி சொல்லப் போனபோது, துணி காயப்போடுவதைப் பற்றி ஏன் கேட்டீர்கள் என்று அந்தச் செவிலியரிடம் விசாரித்தேன். "உடம்பைக் கேட்டா ஒண்ணுமில்லம்பாங்க சார். வேலையைக் கேட்டாச் சொல்லிருவாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைப் பார்க்கப் போய்விட்டார்.

அமெரிக்காவில் மாரடைப்பிலிருந்து பிழைத்த 515 பெண்களிடம் விசாரித்து 2003-இல் வெளியிடப்பட்ட ஆய்வு ஒன்றை இதற்குப் பிறகுதான் படித்தேன். மாரடைப்புக்கு முந்தைய வாரங்களில் என்ன உணர்ந்தீர்கள் என்ற கேள்விக்கு அவர்களில் 70 விழுக்காட்டினர் வழக்கத்துக்கு மாறான அயர்ச்சி என்றும், ஏறக்குறைய பாதிப்பேர் தூக்கம் கெட்டது என்றும், 42 விழுக்காட்டினர் மூச்சு வாங்கியது என்றும் சொல்லியிருந்தார்கள். அந்த வாரங்களில் நெஞ்சில் ஏதேனும் உணர்ந்தவர்கள் 30 விழுக்காடுதான். அயர்ச்சி என்பதை எந்தப் பெண் போய் மருத்துவரிடம் சொல்வாள்? எங்கள் பக்கத்தில் "மேலுக்கு முடியலை" என்ற ஒரு தொடர் உண்டு. காய்ச்சலுக்கும் அதுதான், மாதவிலக்குக்கும் அதுதான், மனச்சோர்வுக்கும் அதுதான். கேட்பவர் மேற்கொண்டு எதுவும் கேட்காதபடி பேச்சை முடித்துவைப்பதற்காகவே அமைந்த தொடர் அது. அக்கா அந்த மூன்று வாரங்களில் கைப்பேசியில் என்னிடம் குறைந்தது இரண்டு முறையாவது அப்படிச் சொல்லியிருக்கிறாள். உடம்பைப் பார்த்துக்கொள் என்று நானும் அதே அளவு பொதுவாகப் பதில் சொல்லியிருக்கிறேன்.

இங்கே ஒரு தவறான செய்தியையும் திருத்த வேண்டும். பெண்களுக்கு மாரடைப்பில் நெஞ்சுவலியே வராது என்று வாட்சப்பில் சுற்றும் குறிப்பு உண்மையில்லை. 55 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2018-இல் வெளிவந்தது. அதில் ஆண்களைப் போலவே பெண்களிலும் பத்துக்கு ஒன்பது பேர் அளவில் நெஞ்சில் வலியோ அழுத்தமோ இறுக்கமோ இருந்ததாகவே சொன்னார்கள். வேறுபாடு அடுத்த கட்டத்தில் இருந்தது. மாரடைப்புக்கு முன்பே அறிகுறிகளோடு மருத்துவரைப் போய்ப் பார்த்தவர்களில், இது இதயம் தொடர்பானது அல்ல என்று மருத்துவர் கருதியதாகச் சொன்ன ஆண்கள் 37 விழுக்காடு. பெண்கள் 53 விழுக்காடு. பெண்ணின் நெஞ்சில் ஏற்படுவது அவ்வளவு வேறானது இல்லை, அது கேட்கப்படும் விதமே வேறாக இருக்கிறது என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன். கூடவே தாடை, தோள்பட்டை, முதுகு, குமட்டல், மூச்சிரைப்பு என்று வேறு அறிகுறிகளும் பெண்கள் அதிகம் சொல்வதால், கேட்பவர் அவற்றில் தமக்குப் பழகிய ஒன்றைப் பிடித்துக்கொள்கிறார். எங்கள் வீட்டில் பழகிய சொல் வாய்வு.

நூறு பேரில் மூன்று பேர்

மாரடைப்பு என்றதும் நம் மனத்தில் எழும் படம், வழுக்கை விழுந்த, சற்றே பருத்த, நடுவயது கடந்த ஓர் ஆண் இடக்கையை நெஞ்சில் பொத்திக்கொண்டு சாய்வதுதான். எந்த மருத்துவமனைச் சுவரொட்டியைப் பார்த்தாலும் அவர்தான் இருக்கிறார். இந்தப் படம் இருநூறு ஆண்டுகளுக்கும் மேல் பழையது. இதயத் தசைக்கு இரத்தம் போதாமல் வரும் நெஞ்சிறுக்கத்தை முதலில் தெளிவாக விவரித்தவர் லண்டன் மருத்துவர் வில்லியம் ஹெபர்டன். 1768-இல் அதைச் சக மருத்துவர்கள் முன் வாசித்தார். அவர் இறந்தபின் 1802-இல் வெளிவந்த குறிப்புகளில், இந்த நோயோடு தாம் ஏறக்குறைய நூறு பேரைப் பார்த்ததாகவும், அவர்களில் பெண்கள் மூவர், பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன், மற்ற அனைவரும் ஐம்பதை ஒட்டிய அல்லது கடந்த ஆண்கள் என்றும் எழுதியிருக்கிறார். அவர் கண்டதை நேர்மையாகத்தான் எழுதினார். அந்தக் காலத்து லண்டனில் பெரிய மருத்துவரைத் தேடிப்போக எத்தனை பெண்களால் முடிந்திருக்கும் என்ற கேள்வியைத்தான் யாரும் கேட்கவில்லை.

பின்வந்த ஆராய்ச்சிகள் அந்தப் படத்தையே பெரிதாக்கின. 1964-இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் இதய நோயைப் பற்றிப் பெண்களுக்காக ஒரு மாநாடு நடந்தது. கணவரின் இதயத்தை மனைவி எப்படிக் காப்பாற்றுவது என்பதே அதன் பொருள். ஈஸ்ட்ரோஜன் இதயத்தைக் காக்குமா என்று சோதித்த பெரிய ஆய்வில் அந்தப் பெண் சுரப்பை ஆண்களுக்குக் கொடுத்துத்தான் பார்த்தார்கள். ஆஸ்பிரின் மாரடைப்பைத் தடுக்கும் என்று 1980-களின் இறுதியில் நிறுவிய ஆய்வில் பங்கேற்ற 22,071 மருத்துவர்களும் ஆண்கள். அதே மருந்தைப் பெண்களிடம் சோதித்த ஆய்வின் முடிவு 2005-இல் வந்தபோது, ஏறக்குறைய நாற்பதாயிரம் பெண்களில் அது பக்கவாதத்தைக் குறைத்திருந்ததே தவிர, முதல் மாரடைப்பைக் குறைத்திருக்கவில்லை. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களின் முதல் பெண் இயக்குநரான பெர்னடின் ஹீலி 1991-இல் எழுதிய தலையங்கம் ஒன்றில், தன் இதய நோய் ஆணுடையதைப் போலவே இருக்கிறது என்று நிரூபித்த பிறகுதான் ஒரு பெண்ணுக்கு ஆணுக்கு நிகரான சிகிச்சை கிடைக்கிறது என்று வாதிட்டார். அக்காவுக்கு வியர்வையில் சேலை நனைந்த பிறகுதான் நாங்கள் ஓடினோம். அப்பாவின் கதையில் வரும் வியர்வை அது. அந்த அடையாளம் வந்து சேரும்வரை அவளை நாங்கள் நோயாளியாகவே பார்க்கவில்லை.

நம் பக்கத்தில் இந்தப் படத்தை மாற்றிப் பார்த்த ஒருவரையும் இங்கே நினைத்துக்கொள்கிறேன். எஸ். பத்மாவதி 1917-இல் பர்மாவில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் படையெடுத்தபோது வீட்டுப் பெண்களோடு தப்பிக் கோயம்புத்தூர் வந்து சேர்ந்தவர். பின்னர் இந்தியாவின் முதல் பெண் இதய மருத்துவரானவர். டெல்லியின் லேடி ஹார்டிங்கே கல்லூரியில், பெண்களுக்கான மருத்துவமனையில், பணியாற்றியபோது நுரையீரல் கெட்டு அதனால் இதயத்தின் வலப்பக்கம் தளர்ந்துபோன பெண்களை அவர் தொடர்ந்து கண்டார். புகைபிடிக்காத அந்தப் பெண்களின் நோய்க்குச் சிறுவயது முதலே அவர்கள் சுவாசித்த அடுப்புப் புகை காரணமாக இருக்கக்கூடும் என்று 1950-களின் இறுதியிலேயே எழுதினார். பெண்ணின் இதயத்தைப் புரிந்துகொள்ள அவள் செய்யும் வேலையை அவர் பார்த்திருக்கிறார். அவர் 2020-இல் 103 வயதில் கொரோனாவால் மறைந்தார். மாடித் துணியைப் பற்றிக் கேட்ட செவிலியரையும் அவரையும் ஒரே வரிசையில் வைத்தே நான் நினைக்கிறேன்.

ஈ.சி.ஜி. பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நெஞ்சில் சங்கடம் என்று வருபவருக்கு வந்த பத்து நிமிடத்துக்குள் அதை எடுக்க வேண்டும் என்பது உலகெங்கும் ஏற்கப்பட்ட நெறி. கிளினிக்கில் ஏன் எடுக்கவில்லை என்று நான் நெடுநாள் கோபத்தோடு இருந்தேன். ஒருநாள் அக்காவே சொன்னாள்: "அன்னைக்கு அங்க ஒரு ஆம்பளைப் பையன்தான்டா இருந்தான். எடுக்கச் சொல்லியிருந்தாலும் நான் வேண்டாம்னுருப்பேன்." 1816-இல் பாரிஸில் இதயநோய் அறிகுறிகளோடு வந்த இளம்பெண்ணின் மார்பில் நேரடியாகக் காது வைத்துக் கேட்கத் தயங்கி, மருத்துவர் ரெனே லாயென்னெக் ஒரு தாளைச் சுருட்டி வைத்துக் கேட்டார், அதிலிருந்து பிறந்ததுதான் ஸ்டெத்தஸ்கோப். பெண்ணின் கூச்சத்தை மதித்ததால் மருத்துவத்துக்கே ஒரு கருவி கிடைத்தது. அதே கூச்சத்தை இன்று நாம் ஒரு சோதனையைத் தவிர்ப்பதற்கான காரணமாக விட்டுவைத்திருக்கிறோம். பொது இடத்தில் இதயம் நின்று விழுந்த ஆண்களில் 45 விழுக்காட்டினருக்கு அருகிலிருந்தவர்கள் நெஞ்சை அழுத்தி முதலுதவி செய்ததாகவும், பெண்களில் 39 விழுக்காட்டினருக்கே அது கிடைத்ததாகவும் அமெரிக்காவில் கணக்கெடுத்திருக்கிறார்கள். இரவுப் பணியில் ஒரு பெண் ஊழியரும், இழுத்துவிட ஒரு திரையும் இருந்தால் தீரக்கூடியது இது. இவை இரண்டும் இருக்கின்றனவா என்று கேட்டுவைத்துக்கொண்டுதான் இப்போது எங்கள் வீட்டுப் பெண்களை எந்த மருத்துவமனைக்கும் அழைத்துச் செல்கிறேன்.

பீரோவில் இருந்த அட்டை

மதுரையில் ஸ்டென்ட் வைத்த மறுநாள், பிரசவத்தின்போது சர்க்கரையோ பிரஷரோ இருந்ததா என்று இதய மருத்துவர் கேட்டார். நாற்பத்தேழு வயதுப் பெண்ணின் இதயத்துக்கும் இருபது ஆண்டுகளுக்கு முந்தைய பிரசவத்துக்கும் என்ன தொடர்பு என்று அத்தான் விழித்தார். அக்கா மெல்லச் சொன்னாள்: 2000-இல் இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது சர்க்கரை இருந்தது, குழந்தை நாலு கிலோவுக்கு மேல் பிறந்தது, பிரசவத்தோடு வந்த சர்க்கரை பிரசவத்தோடு போய்விடும் என்று அப்போது எல்லாரும் சொன்னார்கள். ஊருக்குத் திரும்பியதும் பீரோவில், பட்டுச்சேலைகளுக்கு அடியில், அந்தப் பழைய அட்டையை எடுத்துப் பார்த்தோம். எல்லாம் அதில் எழுதப்பட்டிருந்தது. 21 ஆண்டுகளில் யாரும் அதைத் திறக்கவில்லை.

கர்ப்ப காலத்தில் சர்க்கரை வந்த பெண்ணுக்குப் பிற்காலத்தில் நிரந்தரச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு பல மடங்கு அதிகம். இதய, இரத்தநாள நோய்க்கான வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்கு. கர்ப்ப காலத்தில் பிரஷர் ஏறிக் கைகால் வீங்கி, சிறுநீரில் புரதம் போன பெண்ணுக்கும் அதே இரு மடங்கு. சர்க்கரை நோய் ஆணைவிடப் பெண்ணின் இதயத்தையே அதிகம் கெடுக்கிறது என்பதும் 2014-இல் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் தெளிவானது. நாற்பத்தைந்து வயதுக்கு முன்பே மாதவிலக்கு நிற்பதும், கர்ப்பப்பையோடு சேர்த்துச் சினைப்பைகளையும் இளம் வயதிலேயே எடுத்துவிடுவதும் இந்தக் கணக்கில் சேரும். கர்ப்ப காலம் என்பது உடம்புக்கு வைக்கப்படும் ஒரு தேர்வு. அதில் தடுமாறிய உடம்பு பின்னாலும் தடுமாறும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறது.

கர்ப்பகாலச் சர்க்கரையைக் கண்டறியும் எளிய வழி ஒன்று சென்னையிலிருந்து பரவியது என்பதுதான் எனக்கு வியப்பு. கர்ப்பிணிகள் அனைவருக்கும் சர்க்கரைப் பரிசோதனை வேண்டும் என்று போராடியவர் சென்னை மருத்துவர் வி. சேஷய்யா, வெறும் வயிறா இல்லையா என்று பாராமல் 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரே முறை இரத்தம் எடுக்கும் எளிய முறையை அவர் பரப்பினார். தமிழ்நாடு 2007-இல் இந்தப் பரிசோதனையை எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் கொண்டுவந்தது. அவருடைய பிறந்த நாளான மார்ச் 10 கர்ப்பகாலச் சர்க்கரை விழிப்புணர்வு நாளாக நாடெங்கும் கடைப்பிடிக்கப்படுகிறது. எனவே இன்று நம் ஊர்களில் இலட்சக்கணக்கான பீரோக்களில் அந்த அட்டைகள் இருக்கின்றன. குழந்தைக்குத் தடுப்பூசி போட்டு முடிந்ததும் அவை உள்ளே போய்விடுகின்றன, ஏனென்றால் அவற்றைக் குழந்தைக்கான ஆவணம் என்றே நாம் நினைக்கிறோம்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகளோடு மகளிர் தன்னார்வலர்கள் வீட்டு வாசலுக்கே வருகிறார்கள். 2023 முதல் இதயம் காப்போம் திட்டத்தின்படி, மாரடைப்பு என்று ஐயப்பட்டால் உடனே கொடுப்பதற்கான மாத்திரைகள் ஆரம்ப, துணை சுகாதார நிலையங்களில் இருக்கின்றன. கிராமத்திலிருந்து மதுரைக்குப் போகும் அந்த ஒரு மணி நேரத்தில் உயிரைப் பிடித்துவைக்கக்கூடிய ஏற்பாடு அது. வாசலுக்கு வரும் தன்னார்வலர் அந்தப் பழைய அட்டையை எடுத்துவரச் சொல்லிப் பார்ப்பதற்கும், படிக்கட்டில் எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்பதற்கும் இரண்டு நிமிடம் போதும். இதை நான் எங்கள் ஊருக்கு வரும் தன்னார்வலரிடம் சொன்னேன். அவர் தம் நோட்டில் எழுதிக்கொண்டார்.

வீடு திரும்பிய பிறகு

அப்பா 2009-இல் மருத்துவமனையிலிருந்து வந்தபோது வீடே அவருக்காக மாறியது. முன்னறையில் கட்டில் போடப்பட்டது. ஆறு மாதம் ஒரு குடம் தண்ணீரைக்கூட யாரும் அவரைத் தூக்க விடவில்லை. அனைவருடைய குழம்பிலும் உப்பு குறைந்தது. அக்கா ஆறாம் நாள் வீடு திரும்பினாள். பத்தாம் நாள் இட்லிக்கு மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு உப்பில்லாமல் சமைக்க வேண்டும் என்றால் அவளே தனியாகச் சமைக்க வேண்டும், ஆகவே எல்லாருக்கும் போட்ட உப்பையே அவளும் சாப்பிட்டாள். சாப்பாட்டுக்குப் பிறகு போட வேண்டிய மாத்திரைகளை அவள் பிற்பகல் மூன்று மணிக்குப் போட்டாள், ஏனென்றால் எல்லாரும் சாப்பிட்ட பிறகு அவள் சாப்பிடும் நேரம் அதுதான். மாரடைப்புக்குப் பிந்தைய உடற்பயிற்சிச் சிகிச்சைக்கு ஆண்களைவிடப் பெண்கள் குறைவாகவே வருகிறார்கள் என்று உலகெங்கும் எழுதுகிறார்கள். வாரம் மூன்று நாள் மதுரைக்குப் போய்வர அவளை யார் அழைத்துச் செல்வது என்று பேச்சு வந்தபோது எங்கள் வீட்டிலும் அது அப்படியே நின்றுபோனது.

உலகில் இறக்கும் பெண்களில் ஏறக்குறைய மூவரில் ஒருவரைக் கொண்டுபோவது இதய, இரத்தநாள நோய்தான். மார்பகப் புற்றுநோயால் இறப்பவர்களைவிடப் பல மடங்கு அதிகம். பெண்களே இதை அறிய வேண்டும் என்று அமெரிக்காவில் 2000-களின் தொடக்கம் முதல் சிவப்பு உடையைச் சின்னமாக வைத்துப் பெரும் இயக்கம் நடத்தினார்கள். தங்களை அதிகம் கொல்வது இதய நோய் என்று அறிந்த பெண்கள் 2009-இல் 65 விழுக்காடு இருந்தார்கள். 2019-இல் கேட்டபோது அது 44 விழுக்காடாக இறங்கியிருந்தது. அந்த இறக்கத்தைப் படித்தபோது எனக்கு அக்காவின் நினைவே வந்தது. உன்னைக் கவனித்துக்கொள் என்று பெண்ணிடம் சொல்லும் அறிவுரை, அவள் பட்டியலில் இன்னொரு வேலையாகச் சேர்ந்து, கடைசி வேலையாகவே நின்றுவிடுகிறது. அக்காவுக்கு எல்லாம் தெரிந்திருந்தாலும் அந்த இரவில் அவள் எழுந்து சாம்பாரை மாற்றத்தான் போயிருப்பாள். தெரிந்திருக்க வேண்டியவர்கள் முன்னறையில் உட்கார்ந்திருந்தோம். இதய நோய் பற்றிய சொற்பொழிவை மகளிர் குழுக் கூட்டத்தில் நடத்துவதைவிட, அந்தப் பெண்கள் சமைத்ததைச் சாப்பிடுகிறவர்கள் கூடும் இடங்களில், டீக்கடையில், விசைத்தறிக் கூடத்தில், கல்யாணப் பந்தியில் நடத்த வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

சென்ற ஆண்டு அக்காவின் மகள், முன்பு மாடியில் துணி காயப்போட்டவள், கர்ப்பமாக இருந்தாள். ஐந்தாம் மாதப் பரிசோதனையில் இரண்டு மணி நேரச் சர்க்கரை 152 வந்தது. 140-ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும். உணவிலேயே கட்டுப்பட்டது, குழந்தையும் நலமாகப் பிறந்தது. அக்கா மகளுடைய அட்டையை வாங்கித் தன்னுடைய பழைய அட்டையோடும் தன் ஆஞ்சியோ அறிக்கையோடும் சேர்த்து ஒரே பிளாஸ்டிக் உறையில் போட்டு, பீரோவுக்குள் வைக்காமல், ரேஷன் அட்டை இருக்கும் அலமாரியில் வைத்திருக்கிறாள். அவளுடைய வீட்டுச் சமையலில் இப்போது உப்பு எல்லாருக்கும் குறைவு. அதை அத்தானிடம் நான் கேட்டுக்கொண்டேன், அவர் மறுக்கவில்லை.

போன வாரம் நான் அழைத்தபோது, என் கேள்விக்குக் காத்திராமல் அவளே தொடங்கினாள். "முந்தாநாள் படிக்கட்டுத் திருப்பத்துல ஒரு தடவை நின்னேன்டா. அத்தான்கிட்டச் சொல்லியாச்சு. வியாழக்கிழமை எக்கோவுக்குச் சீட்டு வாங்கியிருக்கார்."